லிண்ட்பெர்க் மட்டும் ஏன்?

கேள்வி இது: சமூகம் வேகமாக மாறும் காலங்களில் திடீரென்று சிலர் மக்கள் நாயகர்கள் ஆகிவிடுகிறார்களே, அவர்களை உருவாக்குவது மக்களா, ஊடகமா? பத்திரிகையும் ரேடியோவும் சினிமாவும் இல்லாவிட்டால் அவர்கள் யாரென்றே தெரியாமல் போயிருப்பார்களா?

ஊடக வரலாறு சொல்லிக்கொடுப்பது என் வேலை. இந்தக் கேள்வி வராத வருடம் கிடையாது. கேட்டவுடன் வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். எல்லாம் மீடியா ஊதிப் பெருக்கியது என்பார்கள் ஒரு பக்கத்தில். ஆளிடம் சரக்கு இருந்தது, அதனால் ஜெயித்தார் என்பார்கள் மறுபக்கத்தில். நான் இரண்டு பக்கத்திலும் இல்லை. எனக்குத் தோன்றுவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மாற்றம் வரும்போது மக்களுக்குள் ஓர் இழுபறி நடக்கிறது. புதியது வேண்டும் என்ற ஆசை ஒரு பக்கம், பழையது கையைவிட்டுப் போகிறதே என்ற பதைப்பு இன்னொரு பக்கம். இந்த இரண்டையும் ஒரே ஆளாக நின்று சுமந்து காட்டுபவர் யாராவது கிடைத்தால் கூட்டம் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்கிறது. இந்த இழுபறியை ஊடகம் உண்டாக்குவதில்லை, அது ஏற்கெனவே ஜனங்களிடம் இருக்கிறது. ஆனால் அந்த இடத்தில் யாரை நிறுத்தலாம், யாரை நிறுத்தக் கூடாது என்று ஆள் பொறுக்குவது பெரும்பாலும் ஊடகம்தான். எந்த ஊடகமோ அதற்குத் தகுந்த ஆள்.

இதை விளக்க, 1927ல் அட்லாண்டிக் கடலைத் தன்னந்தனியாக விமானத்தில் தாண்டிய அமெரிக்கர் சார்லஸ் லிண்ட்பெர்க்கைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

1927 மே 20, காலை 7.52. நியூயார்க் அருகே ரூஸ்வெல்ட் ஃபீல்டு விமானத் தளம். இரவெல்லாம் மழை பெய்து ஓடுபாதை சேறாகிக் கிடக்கிறது. ஒற்றை எஞ்சின் விமானம் ஒன்று, 1,700 லிட்டர் பெட்ரோலைச் சுமந்துகொண்டு தத்தித் தத்தி ஓடி, பாதையின் கடைசியில் இருந்த தொலைபேசிக் கம்பிகளைத் தாண்டி எழும்புகிறது. உள்ளே 25 வயது தபால் விமானி ஒருவர் மட்டும். துணை விமானி இல்லை, ரேடியோ கருவி இல்லை. பெட்ரோல் தொட்டி அவருக்கு முன்னால் இருந்ததால் எதிரே பார்க்கக் கண்ணாடிகூடக் கிடையாது. பக்கவாட்டு ஜன்னல் வழியாகவும் ஒரு சின்ன பெரிஸ்கோப் வழியாகவும்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்படியே முப்பத்து மூன்றரை மணி நேரம் பறந்து மறுநாள் இரவு பாரிஸின் லெ பூர்ஷே தளத்தில் இறங்கினார். அங்கே லட்சத்துக்கும் மேற்பட்ட கூட்டம் தடுப்புகளை உடைத்துக்கொண்டு விமானத்தை நோக்கி ஓடியது.

அந்தக் காலை புறப்பாட்டை ஃபாக்ஸ் மூவிடோன் நிறுவனம் ஒலியோடு படம் பிடித்தது. அன்று இரவே நியூயார்க்கின் ராக்ஸி திரையரங்கில் அது ஓடியது. வகுப்பில் இந்தத் துண்டுப் படத்தை நான் எத்தனையோ முறை போட்டுக் காட்டியிருக்கிறேன். வர்ணனை கிடையாது, பின்னணி இசை கிடையாது. சாம்பல் நிற வானம், எஞ்சின் இரைச்சல், ஓடி ஓடிச் சிறுத்துப் போகும் ஒரு விமானம், அவ்வளவுதான். இன்றைக்குப் பார்த்தாலும் வகுப்பு அமைதியாகிவிடுகிறது. ஊமைப் படங்களையே பார்த்துப் பழகிய அன்றைய ஜனங்களுக்கு, திரையிலிருந்து அந்த எஞ்சின் சத்தம் கேட்டது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்த ஆள் கடலுக்கு மேலே எங்கோ இருக்கிறார், உயிரோடு இருக்கிறாரா என்றுகூட யாருக்கும் தெரியாது.

அவரிடம் ரேடியோ இல்லாததுதான் பத்திரிகைகளுக்குப் பெரிய வரமாயிற்று. கடலைத் தாண்டும்வரை ஒரு தகவலும் வராது. பதிப்புக்கு மேல் பதிப்பாகப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். சொல்லப் புதிதாக எதுவும் இல்லை, அந்தத் தவிப்புதான் செய்தி. அன்று இரவு யாங்கி ஸ்டேடியத்தில் குத்துச்சண்டை பார்க்க வந்திருந்த 40,000 பேர், அறிவிப்பாளர் கேட்டுக்கொண்டதும் எழுந்து நின்று, தொப்பியைக் கழற்றி, அந்தப் பையனுக்காக மௌனமாகப் பிரார்த்தனை செய்தார்கள். சண்டை பார்க்க வந்த கூட்டம்! அதுவரை அவர்களில் பெரும்பாலோருக்கு அவர் யாரென்றே தெரிந்திருக்காது.

அட்லாண்டிக்கை நிற்காமல் தாண்டிய முதல் ஆள் லிண்ட்பெர்க் இல்லை. 1919 ஜூனிலேயே ஆல்காக், பிரவுன் என்ற இரண்டு பிரிட்டிஷ் விமானிகள் நியூஃபவுண்ட்லாந்திலிருந்து அயர்லாந்துக்குப் பறந்துவிட்டார்கள். அதிக தூரம் பறந்தவர் என்ற பெயரும் அவரிடம் நிலைக்கவில்லை. அவர் பாரிஸில் இறங்கி இரண்டே வாரத்தில் கிளாரன்ஸ் சேம்பர்லின் என்பவர் நியூயார்க்கிலிருந்து கிளம்பி ஜெர்மனியின் ஐஸ்லெபன்வரை போய் இறங்கினார். லிண்ட்பெர்க் பறந்தது ஏறக்குறைய 5,800 கிலோமீட்டர். சேம்பர்லின் பறந்தது 6,200 கிலோமீட்டருக்கும் மேல், அதுவும் ஒரு பயணியை ஏற்றிக்கொண்டு. இன்றைக்கு அந்தப் பெயர் யாருக்காவது தெரியுமா?

சாதனைதான் நாயகனை உண்டாக்குகிறது என்றால் சேம்பர்லினுக்கு இது நடந்திருக்கக் கூடாது. சரி, ஊடகம்தான் என்றால், சேம்பர்லினுக்கும் அதே பத்திரிகைகளும் அதே கேமராக்களும் இருந்தனவே? அப்படியானால் வித்தியாசம் வேறெங்கோ இருக்கிறது.

அந்த நாட்டின் அன்றைய நிலைமையைப் பாருங்கள். 1920 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான் அமெரிக்காவில் முதல் முறையாகக் கிராமத்தாரைவிட நகரத்தார் அதிகம் என்று தெரிந்தது. அதே ஆண்டு பெண்களுக்கு நாடு முழுவதும் ஓட்டுரிமை வந்தது. மதுவிலக்கும் வந்தது, கூடவே கள்ளச்சாராயக் கும்பல்களும் வந்தன. தொழிற்சாலையில் ஆயிரம் பேரில் ஒருவனாக நின்று ஒரே திருகாணியை நாள் முழுக்க முடுக்குவது வேலை என்றாகிவிட்டது. லிண்ட்பெர்க் இறங்கிய ஐந்தாம் நாள், மே 26 அன்று, ஃபோர்டு தொழிற்சாலையில் ஒன்றரைக் கோடியாவது 'மாடல் டி' கார் வெளியே வந்தது. அத்தனை கார் வாங்கி ஓட்டிய ஜனம் எந்திரத்தை வெறுத்தது என்று சொல்ல முடியாது. ஆனால் தனி மனிதன் என்று ஒருவன் இனிமேல் இருக்கிறானா, தன் கையால் ஒன்றைச் செய்து முடிக்க முடியுமா என்ற கவலை அவர்களை அரித்துக்கொண்டிருந்தது.

அங்கேதான் இந்தப் பையன் வந்து பொருந்தினான். மின்னசோட்டா பண்ணையில் வளர்ந்தவன், குடிக்க மாட்டான், புகைக்க மாட்டான், கூச்ச சுபாவம், அதிகம் பேச மாட்டான். காட்டு வழியில் தன்னந்தனியாகக் குதிரையேறிப் போன முன்னோடிகளைப் போல ஒற்றை ஆளாகப் போனான். ஆனால் போனது அந்தக் காலத்தின் மிக நவீனமான எஞ்சினில். வரலாற்று ஆய்வாளர் ஜான் வில்லியம் வார்டு 1958ல் எழுதிய கட்டுரையில் இதைத்தான் பிடித்தார்: அன்றைய பாராட்டுகளைப் படித்தால் பாதிப் பேர் அவனைத் தனிமனிதத் துணிச்சலின் வெற்றி என்று கொண்டாடுகிறார்கள், மீதிப் பேர் தொழில்துறையின் வெற்றி என்று கொண்டாடுகிறார்கள். ஜனாதிபதி கூலிட்ஜ் வரவேற்புரையில், அந்த விமானத்தைச் செய்ய நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் பங்களித்தன என்று சொல்ல மறக்கவில்லை. லிண்ட்பெர்க்கோ தன்னையும் விமானத்தையும் சேர்த்து 'நாங்கள்' என்று சொல்லுவார். ஒரே சொல்லில் இரண்டு தரப்பும் சமாதானமாகிவிட்டன. சேம்பர்லினால் இதைத் தர முடியவில்லை. அவர் பக்கத்தில் பணக்கார வியாபாரி ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

இப்போது ஐம்பது வருடம் பின்னால் போகிறேன். சினிமாவும் ரேடியோவும் இல்லாத காலத்தில், அச்சகம் மட்டுமே இருந்தபோது, இதே விஷயம் எப்படி நடந்தது என்று பார்க்க வேண்டும்.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா பகுதியில் 1860களில் சட்டம் போட்டுச் சிறு விவசாயிகளுக்கு நிலம் கொடுத்தார்கள். ஏற்கெனவே ஆயிரக்கணக்கான ஏக்கரை வளைத்துப் போட்டு ஆடு மேய்த்த பெரும் பண்ணையாருக்கும் இவர்களுக்கும் ஓயாத தகராறு. போலீஸ் பெரும்பாலும் பண்ணையார் பக்கம். அப்படிப்பட்ட ஏழை ஐரிஷ் குடும்பத்துப் பையன் நெட் கெல்லி. 1878ல் தன்னைத் தேடி வந்த போலீஸார் மூன்று பேரைச் சுட்டுக் கொன்றுவிட்டுத் தலைமறைவானான். 1879 பிப்ரவரியில் அவன் கும்பல் ஜெரில்டரி என்ற சிற்றூரைப் பிடித்து வங்கியைக் கொள்ளையடித்தது. ஆனால் கெல்லி அந்த ஊருக்கு வந்ததில் இன்னொரு நோக்கமும் இருந்தது. அவனிடம் ஏறத்தாழ 8,000 சொற்களில் ஒரு கடிதம் இருந்தது. அவன் சொல்லச் சொல்ல கூட்டாளி ஒருவன் எழுதியது. தன் தரப்பு நியாயம், போலீஸ் செய்த கொடுமை, ஏழைகளின் பாடு எல்லாம் அதில் உண்டு. ஊரில் பத்திரிகை நடத்தியவரைத் தேடிப் போய் அதை அச்சடிக்க வைக்க வேண்டும் என்பது திட்டம். அந்த ஆள் பயந்து ஓடிவிட்டார். வங்கி ஊழியர் ஒருவர் நான் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன் என்று வாங்கிக்கொண்டார், சேர்க்கவில்லை. அந்தக் கடிதம் முழுமையாக அச்சேறியது 1930ல். கெல்லியைத் தூக்கில் போட்டு ஐம்பது வருடம் ஆன பிறகு.

இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப்போகும். மூன்று கொலைகளை நான் நியாயப்படுத்தவில்லை. செத்தவர்களுக்கும் குடும்பம் இருந்தது. ஆனால் கையில் துப்பாக்கி இருந்தும், தன் பேச்சை நாலு பேர் படிக்க வேண்டும் என்று அச்சகத்தைத் தேடி அலைந்தவன் அவன். அது மட்டும் அவனுக்குக் கிடைக்கவில்லை. அவனைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதிய எழுத்துக்கோ குறைவே இல்லை. 1880 ஜூனில் கிளென்ரோவனில் அவனைப் பிடிக்கப் போன தனி ரயிலில் போலீஸோடு செய்தியாளர்களும் ஏறிப் போனார்கள். கலப்பைக் கொழுவைத் தட்டி அடித்துச் செய்த இரும்புக் கவசத்தோடு அவன் விடியற்காலைப் பனியில் நடந்து வந்ததை அவர்கள் நேரில் பார்த்துத் தந்தி கொடுத்தார்கள். அவன் சொன்னதற்கு இடமில்லை, அவன் உருவத்துக்கு இடம் இருந்தது. தூக்குத் தண்டனையை நிறுத்தச் சொல்லி முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். 1880 நவம்பர் 11 அன்று மெல்பர்னில் தூக்கிலிட்டுவிட்டார்கள்.

வரலாற்றாசிரியர் எரிக் ஹாப்ஸ்பாம் இப்படிப்பட்டவர்களைச் சமூகக் கொள்ளையர் என்று ஒரு வகையாகவே பிரித்துப் பேசினார். அரசாங்கத்துக்குக் குற்றவாளி, குடியானவனுக்கு நாயகன். நிலவுடைமை மாறும் காலங்களில் உலகம் முழுக்க இவர்கள் முளைக்கிறார்கள் என்பது அவர் கருத்து. நான் அதோடு ஒன்றைச் சேர்ப்பேன்: முளைப்பவர் பலர், அவர்களில் யார் நிலைப்பார் என்பது அந்தக் காலத்து ஊடகத்துக்கு எந்த உருவம் பிடிக்கிறது என்பதைப் பொறுத்தது. அந்த இரும்புக் கவசம் இல்லையென்றால் கெல்லி இன்றைக்குப் பத்தோடு பதினொன்று. 1906ல் ஆஸ்திரேலியாவில் எடுத்த, உலகின் முதல் முழுநீளக் கதைப்படங்களில் ஒன்று என்று சொல்லப்படும் படம் அவன் கதைதான். ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஓடியது. ஜனம் அலைமோதிப் பார்த்தது. 1912ல் நியூ சௌத் வேல்ஸ் அதிகாரிகள் காட்டுக் கொள்ளையர் படங்களையே தடை செய்துவிட்டார்கள்.

அதே 1912ல் அமெரிக்க நாடாளுமன்றமும் ஒரு தடை போட்டது: குத்துச்சண்டைப் படங்களை ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. குத்துச்சண்டை காட்டுமிராண்டித்தனம் என்ற ஒழுக்கவாதிகளின் கூச்சலும் அதில் இருந்தது. ஆனால் உடனடிக் காரணம் என்று ஒரு மனிதரைச் சொல்லலாம். அவர் பெயர் ஜாக் ஜான்சன்.

ஜான்சன் கறுப்பினத்தவர். 1908ல் சிட்னியில் ஹெவிவெயிட் உலகப் பட்டத்தை வென்றார். அந்தச் சண்டையின் முடிவில் போலீஸ் குறுக்கிட்டபோது கேமராவையும் நிறுத்திவிட்டார்கள். அவரிடம் தோற்ற வெள்ளைக்காரர் விழுகிற காட்சி படத்தில் கிடையாது. 1910 ஜூலை 4, அமெரிக்க சுதந்திர தினம். ஓய்வு பெற்றிருந்த ஜிம் ஜெஃப்ரிஸை 'வெள்ளையரின் நம்பிக்கை' என்று இழுத்து வந்து ரீனோ நகரில் ஜான்சனோடு மோதவிட்டார்கள். 15வது ரவுண்டில் ஜெஃப்ரிஸ் முடிந்தார். செய்தி தந்தியில் பரவியதும் ஊர் ஊராகக் கலவரம், செத்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பர்கள். அந்தச் சண்டைப் படத்தைத் திரையிடக் கூடாது என்று நகரம் நகரமாக உத்தரவு போட்டார்கள். ஜான்சன் சிரித்துக்கொண்டே அடிப்பார். தங்கப் பல் தெரியச் சிரிப்பார், எதிராளியைக் கிண்டல் செய்வார், வேகமாகக் கார் ஓட்டுவார், வெள்ளைக்காரப் பெண்களைத் திருமணம் செய்துகொண்டார். மாற்றம் என்றால் என்ன என்று அவரைப் பார்த்தாலே தெரிந்தது. அதனால்தான் அவர் முகத்தைத் திரையில் வரவிடவில்லை. கறுப்பின மக்களின் வீடுகளில் அவர் நாயகன்தான், பொது ஊடகத்தில் அவருக்கு அந்த இடத்தைக் கொடுக்கவில்லை.

1937ல் இன்னொரு கறுப்பர் அந்தப் பட்டத்தை வென்றார், ஜோ லூயிஸ். அவரை வளர்த்த மேலாளர்கள் ஜான்சனுக்கு நடந்ததை நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். அவர்களும் கறுப்பர்கள்தான். லூயிஸுக்கு அவர்கள் போட்ட கட்டுப்பாடுகளைக் கேளுங்கள். வெள்ளைக்காரப் பெண்ணோடு படம் எடுத்துக்கொள்ளக் கூடாது. கீழே விழுந்த எதிராளியைப் பார்த்து மகிழ்ச்சி காட்டக் கூடாது. கேமரா முன்னால் முகத்தில் எதையும் காட்டக் கூடாது. அந்தப் பழைய படங்களில் லூயிஸின் முகத்தைப் பாருங்கள், கல்லில் செதுக்கியது போல இருக்கும். அது அவர் சுபாவம் என்று நினைத்தவர்கள் ஏராளம். இருபத்து சொச்சம் வயதுப் பையன் ஒருவன், ஜெயித்த பிறகும் சிரிக்காமல் இருக்கக் கற்றுக்கொண்டிருக்கிறான். எனக்கு அது தாங்க முடியாத காட்சி.

1938 ஜூன் 22, அதே யாங்கி ஸ்டேடியம். எதிரே ஜெர்மனியின் மேக்ஸ் ஷ்மெலிங். இரண்டு வருடம் முன்பு இதே லூயிஸைத் தோற்கடித்தவர். ஷ்மெலிங் நாஜிக் கட்சிக்காரர் கிடையாது, ஆனால் நாஜிகள் அவரைத் தங்கள் இனத்தின் பிரதிநிதியாகக் காட்டினார்கள். சண்டை 124 விநாடியில் முடிந்தது. அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 7 கோடிப் பேர் ரேடியோவில் கேட்டார்கள் என்பது அன்றைய கணிப்பு. ஜான்சனைத் திரையில் பார்க்க விடாத நாடு, லூயிஸை வரவேற்பறையில் உட்கார்ந்து கேட்டது. ரேடியோவுக்கு நிறம் தெரியாது. குரலும் லூயிஸின் குரல் இல்லை, வர்ணனையாளர் குரல். ஹிட்லரை எதிர்க்கும் ஜனநாயகத்தின் கை என்று லூயிஸைக் கொண்டாடிய அதே நாட்டின் தென் மாநிலங்களில் கறுப்பர்கள் ஓட்டுப் போட முடியாது, ஒரே பெஞ்சில் உட்கார முடியாது. இந்த முரண்பாட்டை மறைக்க லூயிஸ் பயன்பட்டார் என்று சிலர் கோபமாகச் சொல்வார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அன்று இரவு, நியூயார்க்கில் கறுப்பர்கள் பெருமளவில் வாழ்ந்த ஹார்லெம் பகுதியின் தெருக்களில் இறங்கி ஆடியவர்களுக்கு அது மறைப்பு இல்லை. அவர்களில் ஒருவர் ஜெயித்ததை நாடே கேட்டிருக்கிறது, இனி அதை யாரும் இல்லையென்று சொல்ல முடியாது. இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்பேன். இதற்கு அடுத்த கட்டம் முகமது அலி. அவர் வந்தது தொலைக்காட்சிக் காலத்தில். மைக்கைத் தன் வாய்க்குப் பக்கத்தில் இழுத்துத் தானே பேசினார், ஜான்சனைப் போலவே சிரித்துக்கொண்டே பேசினார். 1967ல் வியட்நாம் போருக்குப் போக மறுத்ததும் பட்டத்தைப் பறித்தார்கள். ஆனால் பேச்சை நிறுத்த முடியவில்லை.

அரசாங்கமே ஊடகத்தை நடத்தும் இடத்தில் இது எப்படி என்று சிலர் கேட்பார்கள். அதற்கு ஸ்டகானோவ் போதும். 1935 ஆகஸ்ட் 30 இரவு, சோவியத் யூனியனின் டொன்பாஸ் பகுதிச் சுரங்கம் ஒன்றில் அலெக்ஸெய் ஸ்டகானோவ் என்ற தொழிலாளி ஆறு மணி நேரத்துக்குள் 102 டன் நிலக்கரி வெட்டினார். ஒரு ஷிஃப்டுக்கு ஒதுக்கிய அளவு 7 டன்தான். கிராமத்திலிருந்து கோடிக்கணக்கில் தொழிற்சாலைகளுக்கு வந்து சேர்ந்து, எந்திரத்தைப் பார்த்து மிரண்டு நின்ற ஜனங்களுக்கு, நம்மைப் போன்ற ஒரு குடியானவன் எந்திரத்தைக் கட்டி ஆள்கிறான் என்று காட்ட வேண்டியிருந்தது. அன்று இரவு சுரங்கத்துக்குள் கட்சிப் பொறுப்பாளரும் சுரங்கப் பத்திரிகையின் ஆசிரியரும் கூடவே இருந்தார்கள். வழக்கமாக வெட்டுகிறவரேதான் கூரை இடியாமல் மரமும் முட்டுக்கொடுக்க வேண்டும். அன்று அந்த வேலைக்கு வேறு இரண்டு பேரை வைத்து, ஸ்டகானோவை வெட்ட மட்டும் விட்டார்கள். 102 டன்னும் ஸ்டகானோவ் பெயரில் ஏறியது. சில மாதத்தில் அமெரிக்காவின் டைம் பத்திரிகை அட்டையிலேயே அவர் படம் வந்துவிட்டது. முட்டுக்கொடுத்த இருவரைத் தேடிப் போன கேமரா எதுவும் இல்லை. மற்ற சுரங்கத் தொழிலாளிகளுக்கோ, இவரைக் காட்டியே அளவைக் கூட்டிவிட்டார்கள்.

நாயகர்களின் வகையே காலப்போக்கில் மாறியதை எண்ணிக் காட்டியவர் சமூகவியலாளர் லியோ லோவன்தால். 1944ல் வெளிவந்த ஆய்வில், அமெரிக்காவின் பிரபல வார இதழ்களில் வந்த வாழ்க்கை வரலாற்றுக் கட்டுரைகளை உட்கார்ந்து கணக்கிட்டார். நூற்றாண்டின் தொடக்கத்தில் அரசியல்வாதிகளும் தொழில் நடத்தியவர்களும்தான் பெரும்பங்கு, கலை, கேளிக்கைத் துறையினர் கால்வாசி அளவு. 1940 வாக்கில் கேளிக்கைத் துறை மட்டும் பாதிக்கு மேல். முன்பு எழுதியபோது எப்படி உழைத்து மேலே வந்தார் என்று எழுதினார்கள், பிறகு என்ன சாப்பிடுகிறார், எப்படிப் பொழுதுபோக்குகிறார் என்று எழுதினார்கள். உற்பத்தியின் நாயகர்கள் போய் நுகர்வின் நாயகர்கள் வந்தார்கள் என்றார். நல்ல ஆய்வு. ஆனால் அதில் இருக்கும் வருத்தத்தை நான் முழுவதும் ஏற்கவில்லை. லூயிஸ் போன்ற ஒருவருக்கு அரசியலிலும் தொழிலிலும் கதவு சாத்தியிருந்த காலம் அது, விளையாட்டு மட்டும்தான் திறந்திருந்தது.

லிண்ட்பெர்க்குக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். 1932 மார்ச் 1 இரவு அவருடைய 20 மாதக் குழந்தையைத் தொட்டிலிலிருந்து யாரோ தூக்கிப் போய்விட்டார்கள். இரண்டு மாதம் கழித்து உடல் கிடைத்தது. 1935ல் வழக்கு நடந்த ஃப்ளெமிங்டன் என்ற சின்ன ஊரில் செய்தியாளர்கள் நூற்றுக்கணக்கில் குவிந்தார்கள். ஒரு தகப்பனின் துக்கம் தினசரித் தொடர்கதையாயிற்று. அந்த வருடக் கடைசியில் அவர் குடும்பத்தோடு இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறிவிட்டார். நாயகனாக்கிய கேமராவுக்குப் பயந்து நாட்டையே விட்டுப் போனார். பின்பு திரும்பி வந்து, அமெரிக்கா போரில் இறங்கக் கூடாது என்று 1939 முதல் ரேடியோவிலும் கூட்டங்களிலும் பேசினார். 1941 செப்டம்பர் 11 அன்று டெமாய்ன் நகரில், நாட்டைப் போருக்குள் தள்ளுகிறவர்கள் என்று பிரிட்டிஷாரையும் யூதர்களையும் ரூஸ்வெல்ட் அரசாங்கத்தையும் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டினார். அது வெறுப்புப் பேச்சு, வேறு பெயர் அதற்குக் கிடையாது. ஜனங்கள் அதிர்ந்து போனார்கள். கூச்சத்தோடு சிரித்த அந்தப் பையனா இப்படி என்று கேட்டார்கள். பதினான்கு வருடமாக அவர்கள் பார்த்தது ஒரு படத்தை. அந்த மனிதர் என்ன நினைக்கிறார் என்று 1927ல் யாரும் கேட்கவே இல்லை. அவர் அதிகம் பேசாததுதான் எல்லோருக்கும் பிடித்திருந்தது.

கெல்லியின் பேச்சை அச்சடிக்கவில்லை, லூயிஸைச் சிரிக்க விடவில்லை, லிண்ட்பெர்க் பேசியபோது தாங்கவில்லை. மக்கள்தான் நாயகனை உருவாக்குகிறார்கள் என்று ஒரேயடியாகச் சொல்ல எனக்குத் தயக்கம் வருவது இதனால்தான். ஆசை மக்களுடையது. ஆனால் அந்த ஆசைக்கு எந்த முகம், அந்த முகத்துக்கு எவ்வளவு பேச்சு என்பதை வேறு யாரோ அளந்து கொடுக்கிறார்கள்.

கடைசியாக ஒருவரைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். லிண்ட்பெர்க்குக்கு ஒன்பது மாதம் முன்பு, 1926 ஆகஸ்ட் 6 அன்று, கெர்ட்ரூட் எடெர்லி என்ற நியூயார்க் பெண் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தார். அவருக்கு முன்னால் ஐந்து ஆண்கள் கடந்திருந்தார்கள். அதில் மிக வேகமானவரைவிட ஏறக்குறைய இரண்டு மணி நேரம் குறைவாக, பதினான்கரை மணி நேரத்தில் முடித்தார். கறிக்கடை வைத்திருந்த ஜெர்மன் குடியேறியின் மகள். பத்திரிகைக் குழுமம் ஒன்று பணம் போட்டு அனுப்பியிருந்தது. ஆகஸ்ட் 27 அன்று நியூயார்க்கில் காகிதத் துண்டுகளை மழையாகப் பொழிந்து வரவேற்றார்கள். அதே வாரம், அதே நகரத்தில், 31 வயதில் செத்துப்போன திரை நட்சத்திரம் வாலன்டினோவின் உடலைப் பார்க்க ஜனம் கண்ணாடிகளை உடைத்துக்கொண்டு நெரிந்துகொண்டிருந்தது. பத்திரிகைகளுக்கு அந்த வாரம் இடமே போதவில்லை.

ஓட்டுரிமை கிடைத்து ஆறு வருடம்தான் ஆகியிருந்தது. பெண் உடம்பால் இது முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களின் வாயை அடைத்தார் எடெர்லி. என் கணக்கில் 1920களில் நடந்த மாற்றத்துக்கு லிண்ட்பெர்க்கைவிட இவர்தான் நேரான சாட்சி. ஆனால் பழையதையும் புதியதையும் சமாதானப்படுத்தும் வேலையை இவரால் செய்ய முடியாது. ஆண்களைத் தோற்கடித்த பெண் எந்தப் பழைய கதைக்குள் பொருந்துவார்? மேடை நிகழ்ச்சிகளுக்கு ஊர் ஊராக அழைத்துப் போனார்கள். அடுத்த மே மாதம் லிண்ட்பெர்க் வந்தார், முதல் பக்கம் அவருக்குப் போயிற்று. சின்ன வயதில் அம்மை வந்து எடெர்லியின் காது ஏற்கெனவே பழுதாகியிருந்தது, பிறகு கேட்கும் திறனே போய்விட்டது. 1933ல் படியில் விழுந்து முதுகெலும்பில் அடிபட்டுப் பல வருடம் கஷ்டப்பட்டார்.

அப்புறம் நியூயார்க்கில் காது கேளாத குழந்தைகள் படிக்கும் பள்ளி ஒன்றில் நீச்சல் சொல்லிக்கொடுக்கப் போனார். கூப்பிட்டால் கேட்காத பிள்ளைகளுக்கு, அதேபோலக் கேட்காத ஆசிரியை. 2003ல், 98வது வயதில் இறந்தார்.